பெர்மிட்டுக்குப் பால் ஊற்றிய கதை

1. போன் வந்த மதியம்

சாம்பிள் ஃபெயில் என்று லேபிலிருந்து போன் வந்தபோது, மேட்டுத் தெருப் புதுத் தண்ணீர்த் தொட்டியின் திறப்பு விழாவுக்கு எத்தனை நாற்காலி போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர் பந்தல்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் போனை வைத்துவிட்டு, "சார், பந்தல் வேண்டாம்னு சொல்லிருங்க" என்றேன்.

"ஏன் மேடம், மழையா?"

"மழை இல்ல சார். மேட்டுத் தெருத் தண்ணியில கோலிஃபார்ம் இருக்குன்னு சொல்லுதாங்க."

கோலிஃபார்ம் என்பது சாக்கடை, சாணம், மலம் இவற்றோடு சம்பந்தப்பட்ட கிருமி. குடிதண்ணீரில் அது தலைகாட்டவே கூடாது. செயல் அலுவலருக்கு அது தெரியும், பந்தல்காரருக்குத் தெரியாது. அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப ஷாமியானா போதுமா?" என்று கேட்டார்.

நான் தென்காசிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவள். குடிநீர்ப் பிரிவு என் பொறுப்பு. இப்போது அந்த நாற்காலிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது போன் செய்து, "மேடம், வாட்டர் பெர்மிட் வாங்க என்னென்ன பேப்பர் வைக்கணும்?" என்று கேட்கிறார்கள். பேப்பர் வைப்பது ஒரு வித்தையே இல்லை. தண்ணீர் பாஸ் ஆக வேண்டும், அதுதான் வித்தை. ஆகவே மேட்டுத் தெருக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போர் போட்டு, தொட்டி கட்டி, குழாய் பதித்து, மோட்டார் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று ஊர் நினைக்கும். கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்த மாதிரிதான் அது. தாலி இன்னும் ஏறவில்லை. புதுத் தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடரை நிறையக் கரைத்து ஊற வைத்து, அதை வடித்து, மறுபடி நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும். பிறகு அளவாகக் குளோரின் போட வேண்டும். தெருவின் கடைசிக் குழாயில் அந்தக் குளோரின் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே குழாயில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் சாம்பிள் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்புவார். தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று அங்கிருந்து வந்த பிறகுதான் திட்டத்தை இயக்க அனுமதி. இந்த அனுமதிக்குத்தான் எங்கள் ஆபீசில் பெர்மிட் என்று பெயர்.

2. செல்லத்தாயின் அவசரம்

மேட்டுத் தெரு இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, தென்னந்தோப்புகளைத் தாண்டி இருக்கும் ஒரு சின்னத் தெரு. அங்கே ஒரு பொதுக் கிணறு இருந்தது. ஒரு மழைக்காலத்தில் தெருவோடு வாந்திபேதி வந்து ஆஸ்பத்திரி நிறைந்துபோக, கிணற்றுக்கு மூடி போட்டு சீல் வைத்துவிட்டோம். அதன்பிறகு லாரித் தண்ணீர்தான். கிணறு மூடியாயிற்று, ஆனால் தெருவின் பெயர் கெட்டது கெட்டதுதான். சுற்றுவட்டாரத்தில் அதற்கு வாந்திபேதித் தெரு என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்தத் தெருவில் செல்லத்தாய் என்று ஒருத்தி. காலையில் இட்லி அவித்து விற்பவள், வாய்க்காரி. வாரம் தவறாமல் ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நிற்பாள். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. விஷயம் தெரிந்த பிறகு எரிச்சல் போய்விட்டது.

அவள் மகள் இசக்கியைப் பண்பொழிப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாள். பெண் பிள்ளைத்தாய்ச்சி. வளைகாப்பு போட்டால் அன்றைக்கே தாய் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். மாமியார் சண்முகவடிவு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், "அந்தத் தெருத் தண்ணிய நம்பிப் பிள்ளைத்தாச்சிய அனுப்ப மாட்டேன். சர்க்கார் நல்ல தண்ணின்னு சொல்லட்டும், அப்பறம் கூட்டிட்டுப் போ."

"அவிய சொல்லுதது தப்புன்னு நான் சொல்லலம்மா. எனக்கே பயமாத்தான் இருக்கு. ஆனா தலைப்பிரசவம் பாக்க வக்கில்லாதவன்னு நாளைக்கு ஊரு என்னைத்தான் சொல்லும். எம் மக அங்கன கிடந்து அழுதா. நீங்கதான் சீக்கிரம் முடிச்சுத் தரணும்" என்றாள் செல்லத்தாய்.

தண்ணீருக்கு வரும் மனுக்கள் ஏராளம். பேரப்பிள்ளையை முன்னிட்டு வந்த மனு அது ஒன்றுதான்.

3. சொட்டு விடாமலே மஞ்சள்

லேப் முடிவு என்னைக் குழப்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. சாம்பிள் பிடித்த அன்றைக்கு நான் பம்ப் ரூமில் நின்றேன். டேங்க் ஆபரேட்டர் மாடசாமியைக் கடைசிக் குழாய்க்கு அனுப்பியிருந்தேன். இன்ஸ்பெக்டர் சாம்பிள் பிடிக்கும் முன்பு குளோரின் பார்த்துச் சொல்வது மாடசாமி வேலை. அதற்கு ஒரு சின்னப் பெட்டி உண்டு, குளோரோஸ்கோப் என்போம். கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். பெட்டியில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

"ஜம்முனு இருக்கு மேடம், சரியான மஞ்சள்" என்று மாடசாமி போனில் சொன்னார்.

குளோரின் அவ்வளவு இருக்கும் தண்ணீரில் இந்தக் கிருமி பிழைக்காது. இரண்டும் ஒரே குழாயில் வந்தது என்றால் இரண்டில் ஒன்று பொய். லேப்காரர்களுக்குப் பொய் சொல்ல ஒரு அவசியமும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாரல் பிடித்திருந்தது. சாலை முழுக்க அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு போகிற வெளியூர்க் கூட்டம்.

மேட்டுத் தெருவின் கடைசிக் குழாயைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் ஒரு முழம் மல்லிகைப் பூவும் சுற்றியிருந்தார்கள். முதல் நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய், வெள்ளி தவறாமல் குழாய்க்கு மஞ்சள் பூசுகிறார்களாம். மாடசாமியிடம், "அன்னைக்குச் செஞ்ச மாதிரியே இப்பவும் செய்யுங்க" என்றேன். அவர் குழாயைத் திறந்தார், குழலில் தண்ணீர் பிடித்தார், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"பாருங்க மேடம். ஜம்முனு மஞ்சள்."

"சொட்டு விட்டாச்சா?"

மாடசாமி குழலைப் பார்த்தார். கையிலிருந்த சொட்டு மருந்து பாட்டிலைப் பார்த்தார். அது இன்னும் மூடியோடு இருந்தது.

"இன்னும் விடலை மேடம்."

குழாயின் வாய்க்கு உள்ளேயும் விரலை விட்டு மஞ்சள் அப்பியிருந்தார்கள். முதலில் வந்த தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அன்றைக்கு மாடசாமி பார்த்தது குளோரின் மஞ்சள் இல்லை, விரலி மஞ்சள். அவருக்குப் பின்னால் வந்த இன்ஸ்பெக்டர் முறைப்படி குழாயைத் துடைத்து, நெருப்புக் காட்டி, தண்ணீரை ஓடவிட்டுப் பிடித்ததால் சாம்பிள் உண்மையைச் சொல்லிவிட்டது. நாங்களும் இப்போது குழாயைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை ஓடவிட்டு, மறுபடி பிடித்துச் சொட்டு விட்டோம். தண்ணீர் மஞ்சளாகவே இல்லை. குளோரின் பொட்டுக்கூட இல்லை.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயமும் வந்தது. நான் போடச் சொன்ன குளோரினைத் தின்றது யார்?

4. தொட்டிக்குக் கும்பாபிஷேகம்

"டேங்கைத் திறங்க" என்றேன்.

"நீங்க ஏறாதீங்க மேடம், வழுக்கும். நான் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பத்து தடவை கூப்பிட்டால் ஒரு தடவை அசைகிற மனுஷர் அவர். அன்றைக்கு அவர் காட்டிய சுறுசுறுப்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். மேலே போய் மூடியைத் தள்ளினேன். முகத்தில் அடித்தது புளித்த மோர் வாடை. உள்ளே டார்ச் அடித்தால், மாவிலை மிதக்கிறது, எலுமிச்சம்பழம் மிதக்கிறது, அழுகிப்போன பூமாலை மிதக்கிறது. தண்ணீர் மேல் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு ஏடு.

கீழே பார்த்துக் கத்தினேன். "என்னலே இது?"

மாடசாமியை நான் ஒருநாளும் 'லே' போட்டுக் கூப்பிட்டதில்லை. அவர் தலையைச் சொறிந்தார்.

"கும்பாபிஷேகம் மேடம்."

"எந்தக் கோயிலுக்கு?"

"தொட்டிக்கு."

சாவியைக் கொடுத்தது அவர்தான். கேட்டது செல்லத்தாய். நான் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் தெருவே கூடிவிட்டது. செல்லத்தாய் முன்னால் வந்து நின்றாள். ஒளிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. பெருமையோடுதான் சொன்னாள்.

"நீங்க மருந்து போட்டுட்டுப் போனீயல்லா, அன்னைக்குச் சாயங்காலம் செஞ்சோம். வீட்டுக்கு ஒரு குடம் அருவித் தண்ணி, ஒரு செம்பு பால். ஒரு வீடு பாக்கி இல்ல. பந்தக்காலுக்குப் பால் ஊத்துதோம், வீட்டுக்குக் கடக்கால் தோண்டினாப் பால் ஊத்துதோம். பெத்த பிள்ள குடிக்கப் போற தண்ணிக்கு ஊத்தக் கூடாதாம்மா?"

"நீ பால் ஊத்துனது பெர்மிட்டுக்குடீ!"

கோபத்தில் சொன்னேன். பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுடுகாட்டில் பால் ஊற்றுவதும் எல்லோருக்கும் நினைவுக்கு வந்திருக்கும். செல்லத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"ஃபெயிலாயிட்டாம்மா?"

"ஆமா. தண்ணியில கிருமி."

"அருவித் தண்ணியிலயா? மூலிகைத் தண்ணின்னு ஊரெல்லாம் வந்து குளிக்காவளே!"

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஊரெல்லாம் வந்து குளிக்கு. குளிச்சு வழிஞ்ச தண்ணியத்தான் நீங்க குடத்துல பிடிச்சிருக்கிய."

இதை நான் எல்லா ஓவர்சியர்களுக்கும் சொல்வதுண்டு. குளோரினுக்கு நல்லது கெட்டது தெரியாது. கிருமியையும் தின்னும், பாலையும் பூவையும் இலையையும் தின்னும். ஒரு சின்னத் தொட்டியில் தெருவே சேர்ந்து பால் ஊற்றினால், குளோரின் முழுக்கப் பாலோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. அருவித் தண்ணீரில் வந்த கிருமி, பாலைக் குடித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்திருக்கிறது.

செல்லத்தாய் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கையாலயே கெடுத்துட்டேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

5. இன்னொரு குழாய்

மறுநாள் காலையில் செயல் அலுவலர் அறையில் பேச்சு. அவர் மதுரைப் பக்கத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தேதி என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். செல்லத்தாய் கதவோரம் நின்றாள், நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"மேடம், தொட்டியை எப்படியும் கழுவத்தான் போறோம். தண்ணி சுத்தமாயிடும், அதுல சந்தேகம் இல்லையே? அப்ப ரெண்டாவது சாம்பிளை இன்னைக்கே பம்ப் ரூம் குழாயில பிடிச்சு அனுப்பிட்டா என்ன? அது போர்லேர்ந்து நேரா வர்ற தண்ணி. கட்டாயம் பாஸ். தேதியும் தப்பிக்கும், இந்தம்மா பொண்ணு வளைகாப்பும் தப்பிக்கும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இந்த மாதிரி நியாயமாக வரும் யோசனைகள்தான் ஆபத்து. திருட்டு யோசனையாக வந்தால் நாமே விரட்டிவிடுவோம். நான் மாட்டேன் என்றேன். கடைசிக் குழாய் என்று எழுதிய பாட்டிலில் பம்ப் ரூம் தண்ணீரை அடைக்க என்னால் முடியாது, வேறு யாராவது அடைத்தால் நான் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. செல்லத்தாயைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கம்மா, உங்க பொண்ணு விஷயம்" என்றார்.

செல்லத்தாய் அவரிடம் பேசவில்லை, என்னிடம் கேட்டாள். "ஓவர்சியரம்மா, அந்தக் குழாயில வாறதும் எங்க தெருவுல வாறதும் ஒரே தண்ணிதானா?"

"போர் ஒண்ணுதான். ஆனா உங்களுக்குத் தொட்டிக்குப் போயிட்டு வருது, அவ்வளவு குழாய்க்குள்ள ஓடி வருது. வழியில என்ன ஆவும்னு உங்க தெருவுல பிடிச்சாத்தான் தெரியும்."

"எம் மக எந்தத் தண்ணியக் குடிப்பா?"

"உங்க தெருத் தண்ணியத்தான்."

அவள் கதவோரத்திலிருந்து உள்ளே வந்தாள். பிறகு செயல் அலுவலரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்க தெருத் தண்ணியையே அனுப்புங்க சார். வளைகாப்பு போனாப் போவுது."

அவருக்கும் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். பந்தல்காரருக்குப் போன் போட்டு, தேதி தள்ளிப்போகிறது என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க மாடசாமியைக் கூப்பிட்டு வேண்டுமென்றே நாலு திட்டு திட்டினேன்.

தொட்டியின் அடி வால்வைத் திறந்துவிட்டோம். மாடசாமியும் இரண்டு ஆட்களும் உள்ளே இறங்கிப் பிரஷ் போட்டுச் சுவரெல்லாம் தேய்த்தார்கள். மறுபடி பிளீச்சிங், மறுபடி ஊறல், மறுபடி வடிப்பு, மறுபடி நிரப்பு. குழாயிலிருந்த மஞ்சளைச் செல்லத்தாயே புளி போட்டுத் தேய்த்தாள். தொட்டிச் சாவி ஆபீசுக்கு வந்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. இட்லி வியாபாரம் முடிந்ததும் தொட்டிக்கடியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஒரு வயசான அம்மா செம்பில் கொஞ்சூண்டு தீர்த்தத்தோடு வந்ததற்கு, "பேசாம வீட்டுக்குப் போயிருங்க ஆச்சி, மருந்தத் தவிர இதுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினாளாம்.

லேப் முடிவுக்கு முன்பே வளைகாப்பு வந்துவிட்டது. நானும் போயிருந்தேன். பந்தி நன்றாக இருந்தது. மகளுக்கு வளையல் அடுக்கிவிட்டு, அங்கேயே விட்டுவிட்டுச் செல்லத்தாய் என்னோடு ஆட்டோவில் திரும்பினாள். இலத்தூர் விலக்கு வரைக்கும் வந்த வழியையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

6. மாமியார் வந்தார்

இரண்டாவது சாம்பிள் பாஸ். அனுமதி உத்தரவும் வந்தது. பந்தல் இல்லாமல், ஷாமியானாகூட இல்லாமல் குழாயைத் திறந்தோம். ஆனால் சண்முகவடிவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தண்ணீர் ஃபெயில் ஆன சங்கதி அவர் காதுக்குப் போய்விட்டது என்று மட்டும் செல்லத்தாய்க்குத் தெரிந்தது. அவள் பாதி உயிராகிவிட்டாள்.

ஒருநாள் நான் குளோரின் பார்க்கப் போயிருந்தபோது சண்முகவடிவே ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆள் நல்ல உயரம், கண்டிப்பான முகம். வந்ததும் வராததுமாகக் குழாயடியில் நின்று கேட்டார்.

"மதினி, ஒங்க தண்ணி ஃபெயிலுன்னு சொல்லுதாவளே, நெசமா?"

தெருவில் நாலைந்து பேர் நின்றார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்தாய் சொல்லிவிட்டாள்.

"நெசந்தான் மதினி. நான்தான் கெடுத்தேன். அருவித் தண்ணியும் பாலும் ஊத்துனோம். அம்மா கண்டுபிடிச்சுச் சொன்னாவ. கழுவி மறுபடி டெஸ்டு வச்சோம். இப்பப் பாஸாயிருக்கு. வளைகாப்புக்கு முந்தியே வேற குழாயில பிடிச்சுப் பாஸாக்கியிருக்கலாம். நான்தான் வேண்டாம்னேன்."

சண்முகவடிவு என் பக்கம் திரும்பினார். குழலில் தண்ணீர் பிடித்து, சொட்டு விடுவதற்கு முன்னால் ஒருமுறை காட்டி, விட்ட பிறகு ஒருமுறை காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். அதுல கிருமி இருந்தா எப்படித் தெரியும்?"

"கண்ணுக்குத் தெரியாதும்மா. டெஸ்டு பண்ணணும். பண்ணியிருக்கியளா?"

"அந்தக் காலத்துக் கிணறும்மா. அதப் போயி யாரு டெஸ்டு பண்ணுவா?" சொல்லிவிட்டு என் கையிலிருந்த குழலை மறுபடி பார்த்தார். பிறகு, "எங்களுக்கும் ஒரு பாட்டில் கொண்டு வருவியளா?" என்றார்.

லேபில் சொல்லிப் பாட்டில் வாங்கிக்கொண்டு போய் நானே சாம்பிள் பிடித்துக் கொடுத்தேன். முடிவு வந்தது. மேட்டுத் தெருவின் முதல் சாம்பிளைவிட மோசம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அத்தனை மாதமும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள்.

அதனால் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சொட்டு விடுவதற்கு முன்னால் தண்ணீரை வெறுமனே ஒருதரம் பாருங்கள். சாம்பிள் ஃபெயில் ஆனால் ஆனது என்று சொல்லுங்கள், சொல்வதால் நம் தலை போய்விடாது. ஒருநாளும் ஃபெயில் ஆகாத தண்ணீர் என்று யாராவது சொன்னால், அதற்கு எப்போது டெஸ்ட் பண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

சண்முகவடிவுக்கு முடிவைப் போனில் சொன்னேன். அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் செல்லத்தாய் மூச்சிரைக்க ஆபீசுக்கு ஓடி வந்தாள். சண்முகவடிவு தன்னிடம் போனில் பேசியதை அப்படியே சொன்னாள்.

"நாளைக்கு நல்ல நாளாம் மதினி. ஆட்டோ அனுப்பு. இசக்கிகூட ரெண்டு கேனும் வருது, எங்களுக்கு ரொப்பிக் குடுத்து விடு."